மருந்துக்கு அடங்காத காசநோய்க் கிருமி: ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும்?

"அந்த மாத்திரை உடம்புக்குப் பழகிப் போச்சு, அதான் கேட்கல" என்று நம் வீடுகளில் அடிக்கடி சொல்வோம். தலைவலி மாத்திரைக்கு அது எப்படியோ, காசநோய் விஷயத்தில் அது தவறான எண்ணம். அங்கே பழகுவது உடம்பு அல்ல. சரியாகச் சொன்னால் கிருமியும் "பழகுவது" இல்லை. அப்படியானால் நேற்று வரை வேலை செய்த மருந்து இன்று ஏன் வேலை செய்யவில்லை? இதைப் புரிந்துகொண்டால், ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிடச் சொல்வது டாக்டர்களின் பிடிவாதம் அல்ல, அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது என்பது விளங்கும். அந்தக் கணக்கைத்தான் இக்கட்டுரையில் போட்டுக் காட்டப் போகிறேன்.

நான் டாக்டர் அல்ல. டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயின் சிக்னல் பகுதியில் 35 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் இலாகாவில் ஒரு கருவி வேலை செய்யாமல் போனால், "பழுது" என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுத் தப்பிக்க முடியாது. எந்த இடத்தில், எந்தப் பாகத்தில், எதனால் என்று எழுதியாக வேண்டும். மருந்து வேலை செய்யாமல் போவதையும் அதே கண்ணோடு பார்க்கலாம் என்று படித்தபோது தோன்றியது. பள்ளியில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் அவர்களையும் கூட்டி வைத்துக்கொண்டு படியுங்கள்.

கிருமிக்குள் ஒரு புத்தகம்

காசநோயை உண்டாக்குவது ஒரு நுண்கிருமி என்பதை ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1882-ம் ஆண்டு மார்ச் 24-ம் தேதி பெர்லினில் அறிவித்தார். மார்ச் 24 இன்றும் உலகக் காசநோய் தினமாக அனுசரிக்கப்படுவது அதனால்தான்.

இந்தக் கிருமி நிதானமானது. நம் குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்தில் ஒன்று இரண்டாகிவிடும். காசநோய்க் கிருமி இரண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அப்படி இரண்டாகும்போது, தன்னுள்ளே இருக்கும் டி.என்.ஏ. என்ற குறிப்புப் புத்தகத்தை முழுவதும் ஒரு பிரதி எடுத்தாக வேண்டும். இந்தப் புத்தகத்தை 1998-ல் விஞ்ஞானிகள் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்து வெளியிட்டார்கள். அதில் சுமார் 44 லட்சம் எழுத்துகள், சுமார் 4,000 மரபணுக்கள். ஒரு மரபணு என்பதை, ஒரு பாகத்தைச் செய்வதற்கான வரைபடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்த நெடுங்கணக்கே நான்கு எழுத்துதான்: ஏ, சி, ஜி, டி. மும்மூன்று எழுத்தாகச் சேர்த்துப் படித்தால் ஒரு சொல். ஒவ்வொரு சொல்லும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் மணிமாலை போலக் கோத்து வந்தால் அதுதான் புரதம். கிருமியின் இயந்திர பாகங்களில் பெரும்பாலானவை புரதங்களே.

44 லட்சம் எழுத்துகளைப் பிரதி எடுக்கும்போது எப்போதாவது ஓர் எழுத்து தவறிவிடும். இதைத்தான் மரபணு மாற்றம் என்கிறோம். வெளியூரில் வளரும் நம் பிள்ளைகள் "பழம்" என்பதை "பலம்" என்று எழுதுகிறார்கள் அல்லவா? மாறியது ஓர் எழுத்து, பொருளோ வேறாகிவிட்டது. கிருமியின் புத்தகத்திலும் பெரும்பாலான எழுத்துப் பிழைகளால் அதற்கு லாபம் எதுவும் கிடையாது. சில பிழைகள் அதையே கொன்றுவிடும். மிக அபூர்வமாக ஒரு பிழை, பழத்தைப் பலமாக மாற்றிவிடும். மருந்துக்கு அடங்காத கிருமி இப்படித்தான் பிறக்கிறது.

மருந்து வருவதற்கு முன்பே

இங்கே ஒரு முக்கியமான கேள்வி எழும். மருந்தைக் கண்ட பிறகு கிருமி தன்னை மாற்றிக்கொள்கிறதா? அல்லது மாறிய கிருமி முன்கூட்டியே இருக்கிறதா?

அமெரிக்காவில் எஸ்தர் லெடர்பெர்க், ஜோஷுவா லெடர்பெர்க் தம்பதியர் 1952-ல் இதற்கு ஓர் அழகான சோதனை செய்து காட்டினார்கள். ஒரு தட்டில் குடல் பாக்டீரியாக்களை வளர்த்தார்கள். வெல்வெட் துணியை அதன்மேல் ஒற்றி, ரப்பர் ஸ்டாம்பு குத்துவது போல, மருந்து கலந்த வேறு தட்டுகளில் பதித்தார்கள். மருந்துத் தட்டில் எந்த இடத்தில் கிருமி பிழைத்ததோ, முதல் தட்டில் அதே இடத்திலிருந்து கிருமியை எடுத்துத் தொடர்ந்து பிரித்து வளர்த்தார்கள். ஒரு முறைகூட மருந்தைத் தொட்டிராத அந்தக் கிருமிகளும் மருந்துக்கு அடங்கவில்லை! ஆக, மாறியவை முன்பே இருந்தன. மருந்து அவற்றை உண்டாக்கவில்லை. மற்றவற்றைக் கொன்று இவற்றுக்கு இடம் ஒழித்துக் கொடுத்தது.

இன்னொரு விஷயமும் உண்டு. வேறு பல பாக்டீரியாக்கள் எதிர்ப்புச் சக்தியை ஒன்றிடமிருந்து ஒன்று கைமாற்றாக வாங்கிக்கொள்ளும். காசநோய்க் கிருமிக்கு அந்த வழக்கம் இல்லை. அதன் எதிர்ப்பு முழுவதும் சொந்தப் புத்தகத்தில் நேர்ந்த எழுத்துப் பிழைகளால்தான். ஆகவே ஓர் அடங்காத கிருமி ஒருவருக்குள் பெருகியிருந்தால் காரணம் இரண்டில் ஒன்று: அவர் உடம்பிலேயே அது தேர்ந்தெடுக்கப்பட்டது, அல்லது அப்படிப்பட்ட ஒருவர் இருமிய காற்றிலிருந்து வந்தது.

மருந்துகளும் பழுதுகளும்

இப்போது எந்த எழுத்து, எந்த பாகம் என்று பார்க்கலாம். முதலில் ஐசோனியாசிட். 1952 முதல் பயன்படும் மாத்திரை. இது விழுங்கும்போதே விஷம் அல்ல. ரயில்வேயில் டெட்டனேட்டர் என்று ஒன்று உண்டு. மூடுபனியிலும் ஆபத்துக் காலத்திலும் தண்டவாளத்தின்மேல் கட்டி வைப்போம். அது சும்மா கிடக்கும். எஞ்சினின் சக்கரமே ஏறி அழுத்தும்போதுதான் வெடிக்கும். ஐசோனியாசிடும் அப்படித்தான். கிருமிக்குள் கேட்-ஜி என்ற மரபணுவின் வரைபடப்படி ஒரு நொதி இருக்கிறது. அந்த நொதிதான் ஐசோனியாசிடை வெடிக்க வைத்து, கிருமியின் மெழுகுச் சுவர் கட்டும் வேலையை நிறுத்துகிறது. கேட்-ஜி மரபணுவின் 315-வது சொல் ஏ-ஜி-சி. நடு எழுத்து மாறி ஏ-சி-சி ஆகிவிட்டால், செரின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் திரியோனின் வந்து உட்காரும். சக்கரம் ஏறினாலும் டெட்டனேட்டர் வெடிக்காது.

கிருமியின் சாமர்த்தியம் இன்னொன்று பாருங்கள். அந்த நொதி கிருமிக்குக் கவசமும் ஆகும். நம் உடம்பின் காவல் அணுக்கள் வீசும் பெராக்சைடைச் சிதைப்பது அதுவே. நொதியை அடியோடு இழந்த கிருமி மருந்திலிருந்து தப்பினாலும் நம் உடம்பிடம் அடிபடும். 315-வது சொல் மட்டும் மாறிய கிருமிக்கோ கவசம் பெருமளவு மிஞ்சுகிறது, மருந்தும் வெடிப்பதில்லை. உலகெங்கும் நோயாளிகளிடம் இந்த ஒரே மாற்றம் அதிகமாகக் காணப்படுவதற்கு இதுவே காரணம்.

அடுத்தது ரிஃபாம்பிசின். சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் மாத்திரை. கிருமியின் புத்தகத்திலிருந்து வேலைக் குறிப்பை நகல் எடுக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது. ரிஃபாம்பிசின் அதன் இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும். பாயிண்டில் இரு தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு ஜல்லிக்கல் சிக்கினால் பாயிண்ட் சேராது, வண்டி நிற்கும், அதே கதைதான். இந்த இயந்திரத்தின் ஒரு பாகத்துக்கு வரைபடம் ஆர்.பி.ஓ.பி. என்ற மரபணு. அதில் ஒரு சொல்லில் டி-சி-ஜி என்பது டி-டி-ஜி ஆனால், செரினுக்குப் பதில் லியூசின் வருகிறது. இடுக்கின் வடிவம் மாறுகிறது. கல் சிக்காமல் நழுவிவிடுகிறது. இயந்திரமோ தன் வேலையைத் தொடர்கிறது.

பைராசினமைடுக்கும் கிருமியே திறந்துகொள்ள வேண்டிய பொட்டலத்தின் கதைதான், பி.என்.சி.ஏ. என்ற மரபணு கெட்டால் பொட்டலம் பிரியாது. எதாம்பூட்டாலுக்கு எம்ப்-பி, லெவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளுக்கு ஜைர்-ஏ என்று ஒவ்வொரு மருந்துக்கும் பழுது நேரும் இடம் தனித்தனி. இந்தத் "தனித்தனி" என்ற சொல்லை நினைவில் வையுங்கள். சிகிச்சை முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது.

பேப்பரும் பென்சிலும்

ஒரு மருந்தைக் கெடுக்கும் எழுத்துப் பிழை எத்தனை கிருமிகளில் ஒன்றுக்கு இருக்கும்? ஐசோனியாசிடுக்கு ஏறத்தாழ 10 லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசினுக்கு ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று. ஏன் இந்த வித்தியாசம்? டெட்டனேட்டரை நமுத்துப் போகச் செய்ய வழிகள் பல உண்டு. ஆனால் ஓடவேண்டிய இயந்திரத்தை ஓடவிட்டு, கல் மட்டும் சிக்காதபடி வடிவத்தை மாற்றுவதற்கு வழிகள் மிகக் குறைவு.

நுரையீரலில் குழி விழுந்த ஒரு நோயாளியிடம் 10 கோடி கிருமிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இது மிகையான எண்ணிக்கை அல்ல.

ஐசோனியாசிட் மட்டும் கொடுத்தால்: 10 கோடியில் தப்பக்கூடியவை சுமார் 100. மீதி எல்லாம் சாகும். நோயாளிக்கு இருமல் குறையும், பசி எடுக்கும், எடை கூடும். ஆனால் அந்த 100 கிருமிகள் நாளுக்கு ஒருமுறை இரண்டானால் என்ன ஆகும்? 10 முறை இரட்டித்தால் ஏறத்தாழ 1,000 மடங்கு. 20 முறை இரட்டித்தால் ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு. 100 என்பது மீண்டும் 10 கோடி. உடம்புக்குள் இவ்வளவு வேகமாக நடக்காது. வாரங்கள், மாதங்கள் ஆகலாம். ஆனால் திரும்பி வரும் 10 கோடியில் ஒன்றுகூட ஐசோனியாசிடுக்கு அடங்காது.

இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்தால்: இரு பிழைகளும் ஒரே கிருமியில் தற்செயலாகச் சேர்ந்திருக்க வேண்டும். இரண்டும் தனித்தனி இடங்கள் ஆகையால் பெருக்கிக்கொள்ளலாம். 10 லட்சத்தை 10 கோடியால் பெருக்கினால் ஒன்றுக்குப் பின் 14 சுழி. அதாவது கோடி கோடியில் ஒன்று! எந்த நோயாளியின் உடம்பிலும் கோடி கோடிக் கிருமிகள் கிடையாது. ஒன்றிலிருந்து தப்பியதை மற்றது கொன்றுவிடும்.

சிக்னல் இலாகாவில் எங்கள் வேலையும் இதுதான். பாயிண்ட் சேர்ந்து பூட்டினால்தான் சிக்னல் இறங்கும், எதிர்ப்பக்கம் அடைபட்டால்தான் இது திறக்கும் என்று ஒன்றோடொன்று பின்னி வைப்போம். ஒரு காவல் தவறினாலும் இன்னொன்று பிடிக்கும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் காவலில் இருக்க வேண்டும். இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று வைத்தால் அது இரட்டைக் காவல் ஆகாது.

1948 கற்றுக் கொடுத்தது

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. காசநோயைக் குணமாக்கிய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிரிட்டனில் அதை 107 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்து 1948 அக்டோபரில் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊசி போட்டவர்கள் 55 பேர். படுக்கை ஓய்வு மட்டும் பெற்றவர்கள் 52 பேர். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் இறந்தவர்கள் 4, போடாதவர்களில் 14. அற்புதமான மருந்து என்றுதானே தோன்றும்? ஆனால் முதலில் தேறியவர்களில் பலர் சில மாதங்களில் மறுபடியும் மோசமானார்கள். அவர்கள் கிருமிகளைச் சோதித்தால் பெரும்பாலானவை ஸ்ட்ரெப்டோமைசினுக்கு அடங்காதவை. தனி மருந்து, தனிக் காவல். அதன்பின் பி.ஏ.எஸ். என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பு வெகுவாகக் குறைந்ததை 1950-ல் காட்டினார்கள். கூட்டு மருந்துச் சிகிச்சை பிறந்தது அங்கேதான்.

அதே 1948-ல்தான் நம் புதுமைப்பித்தன் காசநோயால் இறந்தார். சினிமா வேலையாகப் பூனா வந்த இடத்தில் நோய் பற்றி, திருவனந்தபுரத்தில் உயிர் பிரிந்தது. பிழைப்புக்காக வெளியூர் வந்த தமிழர்களுக்கு அந்தக் கதை அந்நியமல்ல. மருந்து உலகத்தில் பிறந்துவிட்டது. அவரைக் காக்க முடியவில்லை.

சென்னைக்கும் இந்த வரலாற்றில் பெருமைக்குரிய பங்கு உண்டு. மின்சார ரயிலில் போனவர்களுக்குத் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் தெரியும். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை. அத்தனை படுக்கைக்கு இந்தியா எங்கே போகும்? 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், ஏழை வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்துக்குச் சமமாகக் குணமாகும் என்று 1959-ல் உலகுக்குக் காட்டியது. சேத்துப்பட்டில் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அதுவே. வீட்டிலேயே சிகிச்சை என்ற வரத்தோடு ஒரு பொறுப்பும் வந்தது. சானடோரியத்தில் நர்ஸ் பார்த்துக் கொடுத்த மாத்திரையை இனி நாமே எண்ணி விழுங்க வேண்டும்.

படிப்படியாக ஏறும் கிருமி

கோடி கோடியில் ஒன்று என்றால், பல மருந்துக்கும் அடங்காத கிருமி உலகில் எப்படி வந்தது? ஒரே தாவலில் வரவில்லை. படி ஏறி வந்தது. படியை வைத்துக் கொடுப்பது மனிதர்கள்தான்.

என்னோடு வேலை பார்த்த ஒரு கலாசியைச் சொல்கிறேன். 1980-களின் நடுவில் நடந்தது. தென்மாவட்டத்துக்காரர், நல்ல உழைப்பாளி. டி.பி. என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, முகம் தெளிந்தது. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவர் இரண்டு மாதம் தங்கிவிட்டார். மாத்திரை தீர்ந்தது; சொந்தக்காரர்களுக்குத் தெரியக்கூடாது என்று அங்கே எவரிடமும் வாங்கவில்லை. திரும்பி வந்தபோது இருமலும் திரும்பியிருந்தது. ஒரு டாக்டர் பழைய மாத்திரையோடு புதிதாக ஒன்றைச் சேர்த்தார். கொஞ்சம் தேறினார். மறுபடி மோசம். வேறொரு டாக்டர் இன்னொன்றைச் சேர்த்தார். மூன்றாம் வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். வயது 34. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து ஊருக்குப் போனார்கள்.

அவருடைய கிருமியை அன்று யாரும் சோதிக்கவில்லை. ஆகவே எந்த எழுத்து மாறியது என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் போட்ட கணக்கை அங்கே வைத்துப் பாருங்கள். ஒழுங்கில்லாமல் சாப்பிட்டதில் ஐசோனியாசிடுக்கு அடங்காதவை 10 கோடியாகப் பெருகிவிட்டன என்று கொள்வோம். அந்த நிலையில் புதிதாக ஒரு மருந்தை மட்டும் சேர்த்தால், வெளியே இரண்டு மருந்தாகத் தெரிந்தாலும் உண்மையில் வேலை செய்வது ஒன்றுதான். 10 கோடியில் அதற்கும் தப்பக்கூடிய ஒன்று இருக்கும். அது பெருகும். கோடி கோடியில் ஒன்றைத் தேட வேண்டியதில்லை. முதல் படியில் நின்று இரண்டாம் படியை எட்டினால் போதும். தோற்றுக்கொண்டிருக்கும் மருந்துகளோடு ஒற்றை மருந்தைச் சேர்க்கக் கூடாது என்பது காசநோய் மருத்துவத்தின் அடிப்படை விதி.

ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காததைப் பன்மருந்து எதிர்ப்புக் காசநோய் என்கிறார்கள், எம்.டி.ஆர். என்று ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். அதற்கு மேலும் படிகள் உண்டு. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் பகுதியில் இரண்டாம் வரிசை மருந்துகளுக்கும் அடங்காத கிருமி கண்ட 53 பேரில் 52 பேர் இறந்ததாக 2006-ல் செய்தி வந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு எச்.ஐ.வி. தொற்றும் இருந்தது. நம் பக்கத்திலேயே, சோதித்த எந்த மருந்துக்கும் அடங்காத கிருமியோடு 4 நோயாளிகளைக் கண்டதாக 2011 இறுதியில் மும்பை டாக்டர்கள் எழுதினார்கள். அவர்களில் 3 பேர் பல தனியார் டாக்டர்களிடம், ஒவ்வொரு மருந்தாகச் சேர்த்து, ஒழுங்கில்லாமல் சிகிச்சை பெற்றவர்கள் என்பதையும் எழுதியிருந்தார்கள்.

படி ஏறிய கிருமி ஏறியவரோடு நிற்பதில்லை. 2014 முதல் 2016 வரை இந்தியாவில் நடந்த ஆய்வில், முன்பு மருந்து சாப்பிட்டவர்களில் 100-க்குச் சுமார் 12 பேருக்கு எம்.டி.ஆர். இருந்தது. முன்பு மருந்தே சாப்பிடாத புதிய நோயாளிகளிலும் 100-க்குச் சுமார் 3 பேருக்கு இருந்தது. அந்த 3 பேர் எந்த மாத்திரையையும் விடவில்லை. வேறொருவர் வளர்த்த கிருமியைச் சுவாசித்தார்கள், அவ்வளவுதான்.

எழுத்தைப் படிக்கும் கருவி

பழைய முறையில் சளியைச் சாயமேற்றி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கிருமி இருப்பது தெரியும். அடங்குமா அடங்காதா என்று தெரியாது. வளர்த்துப் பார்க்க வாரக்கணக்கில் ஆகும். மரபணு ஞானம் உதவியது இங்கேதான். ரிஃபாம்பிசினுக்கு அடங்காத கிருமிகளில் 100-க்குச் சுமார் 95-ல் எழுத்துப் பிழை இருப்பது ஆர்.பி.ஓ.பி. மரபணுவின் 81 எழுத்துகள் கொண்ட ஒரு சின்னப் பகுதியில். 44 லட்சத்தையும் படிக்க வேண்டாம். அந்த 81-ஐ மட்டும் பார்த்தால் பெரும்பாலும் போதும். தண்டவாளத்தில் விரிசல் தேடுபவர்கள் வெல்டிங் இடத்தைக் கூடுதலாகச் சோதிப்பது போல.

இப்படிப் பார்க்கும் கருவியை உலக சுகாதார நிறுவனம் 2010 டிசம்பரில் ஏற்றது. நம் ஆஸ்பத்திரிகளில் சிபிநாட் என்று சொல்வார்கள். சுமார் இரண்டு மணி நேரத்தில் கிருமி உண்டா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்ற இரண்டு பதிலும் கிடைக்கும். நம் நாட்டிலேயே உருவான ட்ரூநாட் என்ற கருவியும் 2020-ல் அந்த ஒப்புதலைப் பெற்றது.

எம்.டி.ஆர். என்று தெரிந்தாலும் இன்று மனம் தளர வேண்டியதில்லை. முன்பு 18 மாதம், 24 மாதம், அதிலும் காது கேளாமல் போகும் அபாயமுள்ள ஊசிகள் என்று இருந்தது. பெடாக்குலின், பிரிட்டோமனிட், லினெசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் ஆகிய நான்கையும் சேர்த்து 6 மாதத்தில் முடிக்கும் முறையை இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஏற்றது. ஆனால் பெடாக்குலினுக்கும் தப்பும் எழுத்துப் பிழைகள் ஏற்கெனவே காணப்பட்டுள்ளன; அவற்றில் ஒரு வகை, உள்ளே வரும் மருந்தைக் கிருமி பம்பு வைத்து இறைத்து வெளியேற்றும்படி செய்துவிடுகிறது. புது மருந்தையும் பழைய முறையில் வீணடித்தால் அடுத்த மருந்துக்கு எங்கே போவது?

நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு

உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியர். ஆகையால் இது யாரோ ஒருவர் வீட்டு விஷயம் அல்ல. நாக்பூரில் இருக்கும் நமக்கு ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. பொங்கல், கோடை விடுமுறை, கல்யாணம், துக்கம் என்று ஜி.டி.யிலோ தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலோ ஏறிவிடுகிறோம். சிகிச்சை அறுபடுவது அங்கேதான். இன்று அதற்குக் காரணமே இல்லை. அரசுத் திட்டத்தில் மருந்து நாடெங்கும் இலவசம். நிக்ஷய் என்ற பதிவில் நோயாளிக்கு ஓர் எண் தருகிறார்கள். ஊருக்குப் போவதைக் காசநோய் மையத்தில் முன்கூட்டிச் சொன்னால், கையோடு மாத்திரை கொடுப்பார்கள் அல்லது அந்த ஊருக்கு மாற்றிக் கொடுப்பார்கள். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்த அரசு, 2024 நவம்பர் முதல் அதை 1,000 ரூபாய் ஆக்கியது.

இரண்டாவது, மறைப்பது. பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரம், வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். நியாயமான பயம்தான். ஆனால் மறைவாக வாங்கும் மாத்திரை பாதியில் நிற்கும். ஒழுங்காக முடித்தவருக்கு நோய் குணமாகிறது. பாதியில் விட்டவருக்கு நோயும் வளர்கிறது, ரகசியமும் நிற்பதில்லை.

மூன்றாவது, இருமலுக்கு மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்குவது. லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரையைச் சில நாள் தின்றால், காசநோய் இருந்தால் அது சற்று அடங்கியது போல ஏமாற்றும். நோய் கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். தனிக் காவல் கணக்குப்படி எதிர்ப்புக்கும் வழி திறக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனைதான் முதல் வேலை.

சில கேள்விகளும் பதில்களும்

உடம்பு நன்றாகத் தேறிய பிறகும் ஏன் மாத்திரை? வேகமாகப் பெருகும் கிருமிகள் முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலும் அழிந்துவிடும். தூங்கிக் கிடப்பவை மிச்சமிருக்கும். அவை விழிக்கும்போது மருந்து காவலில் இருக்க வேண்டும். அதற்குத்தான் மீதி நான்கு மாதம்.

நான்கு மருந்தில் வயிற்றைப் புரட்டும் ஒன்றை மட்டும் விடலாமா? கூடாது. ஒன்றை எடுத்தால் ஒரு காவல் குறைந்தது. கண்பார்வை மங்கினாலோ, கண் மஞ்சளித்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே டாக்டரிடம் போங்கள். எதை மாற்றுவது, எதை நிறுத்துவது என்பது அவர் முடிவு.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு மிஞ்சிய மாத்திரையை இன்னொருவருக்குக் கொடுக்கலாமா? கூடவே கூடாது. அளவு எடைக்குத் தக்கபடி அமைந்தது. அதோடு, அவருடைய கிருமியை யாரும் சோதிக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் டி.பி. மாத்திரை சாப்பிட்டால் நமக்கென்ன? அவர் ஒழுங்காக முடித்தால் நமக்கும் நன்மை. நடுவில் விட்டால் அடங்காத கிருமி வருவது அவர் வீட்டுக்கு மட்டுமல்ல. ஆகவே மாத்திரை சாப்பிடுபவரைக் கண்டு ஒதுங்காமல், "இன்றைக்குப் போட்டாச்சா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஊருக்குக் கிளம்பினால் மாத்திரை அட்டையை எடுத்து வைத்தாரா என்று பாருங்கள். அதற்கு டாக்டர் படிப்பு வேண்டியதில்லை.